ஸ்ரீவராகத்தில் ஒரு காந்தமானி

முந்தைய அத்தியாயங்களில் சிறு விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்யவும், அறையின் உஷ்ணத்தை அளந்து திரையில் காட்டவும், மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாகவே நிறுத்தவும் பழகிக்கொண்ட வாசகர், அடுத்தபடியாக எதைச் செய்யலாம் என்று என்னைக் கேட்பாராயின், அவர் குடியிருக்கும் ஊர் எது என்பதையே நான் முதலில் விசாரிப்பேன். இதுவரை செய்த சாதனங்கள் எந்த ஊரில் வைத்தாலும் ஒரேமாதிரி வேலை செய்பவை. வேறு சில சாதனங்களோ, குறிப்பிட்ட சில ஊர்களில் மட்டுமே தம் முழுப் பெருமையையும் காட்டக்கூடியவை. திருவனந்தபுரத்தில், கோட்டைக்குச் சமீபத்தில், வராகமூர்த்தி கோயிலையும் அதன் விசாலமான குளத்தையும் சுற்றி வீடுகள் அமைந்திருக்கும் ஸ்ரீவராகம் போன்றதொரு பகுதியில் வீடும், வீட்டின் பின்புறம் நாலைந்து தென்னைகள் நிற்கும் சிறு தோட்டமும் வாய்க்கப்பெற்றவருக்கு, அத்தகைய சாதனம் ஒன்று காத்திருக்கிறது. பூமியின் காந்தப்புலம் நாள்முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை நிமிஷந்தோறும் எழுதிவைக்கும் காந்தமானியே அது.

இவ்வூருக்கும் காந்த ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் 1837-இல் இந்நகரத்தின் உயர்ந்த குன்றொன்றின்மீது வானாராய்ச்சிக்கூடம் எழுந்தது. அதன் முதல் அதிபராக இருந்த ஜான் கால்டிகாட் காந்தக் கருவிகளையும் அங்கே கொண்டுவந்து நிறுவினார். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன் என்பவர், குன்றின்மேல் எடுத்த கணக்குகளோடு திருப்தியடையாமல், யானையும் அட்டையும் மிகுந்த காட்டு வழியே கருவிகளைச் சுமக்கச் செய்து அகஸ்திய மலையின் உச்சியிலும் ஒரு கூடம் அமைத்து, காந்த ஊசியின் திசை மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார்; 1852 முதல் 1869 வரையிலான அக்குறிப்புகள் 1874-இல் பெரும் நூலாக வெளிவந்தன. பிறகு 1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலையில் தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் ஒன்று வானில் ஏறியதும், அவ்விடத்தில் இருந்த புனித மரிய மக்தலேனா தேவாலயமே ராக்கெட் நிலையத்தின் முதற் கூடமாக ஆனதும் எல்லோரும் அறிந்த வரலாறு. காந்த ஆராய்ச்சியில் இந்த ஒரு நகரத்துக்கு ஏன் இத்தனை சிறப்பு என்றால், பூமியின் காந்த நடுக்கோடு இதன் அருகே செல்வதுதான் காரணம்.

காந்த நடுக்கோட்டின் விசேஷத்தைச் சற்று நிதானமாகவே விளக்க வேண்டும். ஏனெனில், நாம் செய்யப்போகும் கருவியின் வடிவம் முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. வடதுருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல, தொங்கவிடப்பட்ட காந்த ஊசியின் வடமுனை மண்ணை நோக்கிச் சாய்கிறது. தெற்கே வரவர அச்சாய்வு குறைந்து, நம் பக்கத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய், ஊசி தரைக்கு இணையாக நிற்கிறது. இவ்வாறு காந்தப்புலம் கிடையாகப் படுத்திருக்கும் கோட்டின்மேல், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலத்தில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் குறுகிய பட்டையாகப் பாய்கிறது. சிட்னி சாப்மன் 1951-இல் அதற்குச் சூட்டிய பெயரைத் தழுவி, மின்தாரை என்று அதனைச் சொல்லலாம். தலைக்குமேல் கிழக்கு நோக்கி மின்சாரம் ஓடினால் அதன் அடியில் வடக்கு நோக்கிய காந்தப்புலம் உண்டாகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. ஆகவே, நம் ஊரில் இயல்பாக இருக்கும் சுமார் 40,000 நானோடெஸ்லா அளவுள்ள கிடைப்புலம், காலையில் மெல்ல ஏறத் தொடங்கி, நண்பகலுக்குச் சற்று முன்பாக 50 முதல் 100 நானோடெஸ்லா வரை கூடி, மாலையில் மீண்டும் பழைய நிலைக்கு இறங்குகிறது. சென்னையிலோ பம்பாயிலோ இத்தனை பெரிய ஏற்றம் கிடையாது. தும்பாவிலிருந்து 1964-இல் காந்தமானியைச் சுமந்து சென்ற ராக்கெட்டுகள் அந்தத் தாரையையே ஊடுருவிச் சென்று அளந்தன. நாம் அதன் நிழலைத் தோட்டத்தில் உட்கார்ந்து அளக்கப்போகிறோம்.

இதில் நமக்கு இயற்கை தந்திருக்கும் ஓர் அனுகூலத்தைக் கணக்கால் காட்டுகிறேன். அளக்கும் அச்சைப் புலத்தின் திசையிலேயே வைத்துவிட்டால், பொருத்துவதில் ஒரு பாகை பிசகினாலும் கிடைப்புலத்தின் அளவில் வரும் வித்தியாசம் சுமார் 6 நானோடெஸ்லாதான். அதுவும் மாறாத வித்தியாசமாதலால், ஏற்றயிறக்கத்தை அது கெடுப்பதில்லை. அதே ஒரு பாகைப் பிசகு, புலத்துக்குக் குறுக்காக வைத்த அச்சில் 700 நானோடெஸ்லா அளவு போலி மாற்றத்தை உண்டாக்கிவிடும். சாய்வு மிகுந்த வடநாடுகளில் இருக்கும் அன்பர்கள், கருவியின் பீடம் மழையில் இம்மியளவு அமுங்கினாலும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நமக்கோ புலமும் கிடை, தரையும் கிடை, தேடும் மாற்றமும் அதே திசையில் என்று மூன்றும் ஒன்றாக அமைந்துவிட்டன. மூன்று அச்சுகளில் வடக்கு நோக்கியதை மட்டும் நம்புங்கள். மற்ற இரண்டையும் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பீடம் அசைந்ததா என்று சோதிக்கும் சாட்சிகளாகப் பயன்படுத்துங்கள்.

இனி உணரியைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். திசைகாட்டிக்கென்று மலிவாக விற்கும் சிறு உணரிகள் இவ்வேலைக்கு உதவா. அவற்றின் இரைச்சலே நாம் தேடும் மாற்றத்தைவிட அதிகம். பி.என்.ஐ. நிறுவனத்தின் ஆர்.எம். 3100 என்னும் உணரி, சுருள்கம்பியின் தூண்டலை எண்ணும் முறையில் இயங்குவது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். அதன் எண்ணிக்கைச் சுற்றை வழக்கமான 200-இல் வைத்தால், ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு 75 எண்கள் வீதம் அது சொல்லும். அதாவது நம் ஊர்ப் புலத்துக்குச் சுமார் 3,000 என்ற எண் வரும்; ஒரு எண்ணின் மதிப்பு 13 நானோடெஸ்லா; மின்தாரையின் நண்பகல் ஏற்றமான 100 நானோடெஸ்லா என்பது ஏழெட்டு எண்களுக்குள் அடங்கிவிடும். ஏழெட்டுப் படிகளைக் கொண்டா ஒரு நாளின் வளைகோட்டை வரைவது என்று யாரும் மலைக்க வேண்டாம். அதற்கு உபாயம் பின்னால் வருகிறது.

உணரியிலிருந்து எண்களை வாங்கி எழுதும் மைக்ரோகண்ட்ரோலர் எதுவாகவும் இருக்கலாம். இ.எஸ்.பி. 32 கையில் இருந்தால் அதுவே போதும். எனினும், நம் ஊர் வெள்ளையம்பலத்திலிருந்து இயங்கும் சி-டாக் நிறுவனத்தார் தாமே வடிவமைத்த வேகா செயலிகளில் ஒன்றைத் தாங்கிய தேஜஸ் 32 சில்லும், அதை வைத்துச் செய்த ஏரீஸ் போர்டும் கிடைக்கின்றன. ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கும் நிரல் எழுதலாம். இதே நகரத்தில் உருவான செயலியைக்கொண்டு இந்நகரத்துக்கே உரிய காந்தப்புலத்தை அளப்பதில் ஒரு மனநிறைவு உண்டு என்று நான் உண்மையாகவே கருதுகிறேன். ஏரீஸைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கலாகாது: நிரலை நினைவகத்தில் தற்காலிகமாக ஏற்றுவதும், பிளாஷில் நிலையாக எழுதுவதும் அதில் வெவ்வேறு காரியங்கள். பரிசோதிக்கும்போது நினைவகத்தில் ஏற்றினால் வேகமாக முடியும். ஆனால் கரண்ட் போய் வந்தால் நிரல் இருந்த சுவடே இராது. தோட்டத்தில் நிலையாக வைப்பதற்கு முன்பு பிளாஷில் எழுதி, ஒருமுறை வயரைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பார்த்துவிடுவது நல்லது. பழைய ஆர்டுயினோ ஊனோ வைத்திருப்பவர்கள், அது 5 வோல்ட்டில் இயங்குவது என்பதையும், உணரி 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதையும் நினைவில் கொண்டு, இடையில் மின்னழுத்த மாற்றியொன்றை வைக்கவேண்டும்.

கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன. பம்பாயில் கொலாபாவில் பல்லாண்டுகள் சிறப்பாக நடந்துவந்த காந்த ஆராய்ச்சிக்கூடம், நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தன் கருவிகளுக்குக் கடலுக்கு அக்கரையிலுள்ள அலிபாக்கில் 1904-இல் புதிய இடம் தேடிக்கொண்டது. நாம் ஊரைவிட்டுப் போக இயலாது. ஆயினும், இரும்புப் பொருளின் பாதிப்பு தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற விதி நமக்குப் பெரிய துணை. தெருவில் போகும் ஆட்டோரிக்ஷாவிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் தொல்லை எட்டில் ஒரு பங்காகும். மூன்று மடங்கு விலகினால் இருபத்தேழில் ஒரு பங்கு. ஆகையால் வாசற்பக்கத்தை விட்டுக் கொல்லைப்புறத்துக்குச் செல்லுங்கள். பம்புசெட் மோட்டார், இன்வெர்ட்டர், இரும்புக் கேட், ஸ்கூட்டர் நிறுத்துமிடம் ஆகிய நான்கிலிருந்தும் இயன்ற அளவு தள்ளிய ஒரு மூலையைத் தேடுங்கள். அசையாத இரும்பு பக்கத்தில் இருந்தால்கூடப் பெரிய கேடில்லை, ஏனெனில் நாம் மாற்றத்தை மட்டுமே பார்க்கிறோம். திறந்து மூடப்படும் கேட்டும், வந்து போகும் வாகனமும்தான் பகை.

மற்றொரு பகை வெயில். இதைப் பலர் கவனிப்பதில்லை. காலையில் ஏறி, நண்பகலையொட்டி உச்சமடைந்து, மாலையில் இறங்குவது மின்தாரையின் குணம் மட்டுமன்று. தோட்டத்து உஷ்ணத்தின் குணமும் அதுவே. உணரியும் அதன் தாங்கியும் வெயிலில் சூடேறினால், உஷ்ணமானியின் கோட்டையே காந்தமானியின் கோடென்று நம்பி மகிழ்ந்திருப்போம். அரை மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டால் பகலிரவு உஷ்ண மாற்றம் அவ்வளவு கீழே அநேகமாகச் செல்வதே இல்லை. ஒரு பி.வி.சி. குழாயை வாங்கி, அடிப்பக்கத்தை மூடிபோட்டுப் பசையிட்டு, உணரியை உள்ளே ஒரு மரக்கட்டையிலோ அக்ரிலிக் தகட்டிலோ இறுகப் பொருத்தி, மேல்வாயையும் நன்றாக அடைத்துப் புதைப்பது என் வழக்கம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் மண் ஊறி, நீர்மட்டம் மேலேறும் இடங்களில் வெறும் மூடி போதாது. வயர் வெளிவரும் துவாரத்தை எப்பாக்ஸிப் பசையால் அடைக்க வேண்டும். செம்மண்ணிலும் வெட்டுக்கல்லிலும் இரும்புச்சத்து இருக்கிறதே என்று சிலர் ஐயுறுவர்; அது அசையாத இரும்பாதலால் விட்டுவிடலாம்.

சாமான்களைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பித்தளை ஸ்குரூ என்று கேட்டால், இரும்பின்மேல் பித்தளை முலாம் பூசியதையும் தருவார்கள். காந்தத்தைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். எவர்சில்வர் ஸ்குரூக்களிலும் பல காந்தத்தில் ஒட்டும். எல்லாவற்றையும்விடச் சூட்சுமமான எதிரி, பிரெட்போர்டில் செருகும் ஜம்பர் வயர்களின் முனைக்கம்பி: செம்பு நிறத்திலும் தங்க நிறத்திலும் பளபளக்கும் அவற்றில் பெரும்பகுதி இரும்புக்கம்பிகளே. உணரியின் பக்கத்தில் அவற்றைப் பயன்படுத்தாமல், செம்பு வயரை நேரே பற்றவைத்துவிடுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை எட்டிப்பார்க்கப் போகிறவர் கைபேசி, சாவிக்கொத்து, கம்பிக்குடை ஆகியவற்றை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதும் அவசியம். எந்நாளும் குடையோடு நடமாடும் நம் ஊரில் இதை இருமுறை சொல்லலாம்.

போர்டை உணரியின் அருகிலேயே வைக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கே விடை சொல்லும். ஒற்றை வயரில் 100 மில்லியாம்பியர் ஓடினால், பத்து சென்டிமீட்டர் தூரத்தில் அது உண்டாக்கும் புலம் 200 நானோடெஸ்லா. நாம் தேடும் மின்தாரையின் ஏற்றத்தைப்போல் அது இருமடங்கு. எஸ்.டி. கார்டு எழுதும் கணத்திலும், வைஃபை அனுப்பும் கணத்திலும் மின்னோட்டம் துள்ளுவதால், போர்டு அருகே இருந்தால் அதன் ஒவ்வொரு துள்ளலும் பதிவில் ஏறிவிடும். போவதும் வருவதுமான இரு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; போர்டை ஐந்து மீட்டராவது தள்ளி, வீட்டுச் சுவரோரம் வைக்கவும் வேண்டும். ஆனால் உணரியோடு பேசும் ஐ-ஸ்கொயர்-சி முறை, ஒரே போர்டுக்குள் இருக்கும் சில்லுகளுக்காக வகுக்கப்பட்டது. அதன் வயர்களின் மொத்த மின்கொள்ளளவு 400 பைக்கோஃபாரடைத் தாண்டலாகாது. கணினி வலைக்குப் பயன்படுத்தும் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 50 பைக்கோஃபாரட் இருப்பதால், ஐந்தாறு மீட்டர் வரை துணிந்து செல்லலாம். அப்போதும் வேகத்தைக் குறைத்து, தரவு வயரையும் கடிகாரத்துடிப்பு வயரையும் ஒரே ஜோடியில் முறுக்காமல், ஒவ்வொன்றையும் ஒரு தரைவயரோடு ஜோடிசேர்க்க வேண்டும். அதற்கும் மேல் தூரம் தேவைப்படுவோர் ஆர்.எஸ். 485 முறைக்கு மாறிக்கொள்வதே உசிதம்.

துலாவர்ஷ காலத்து மாலைகளில் இவ்வூரின்மேல் இடிமின்னல் எப்படி இறங்குகிறது என்பதை அனுபவித்தவர்களுக்கு, தோட்டத்தில் நீண்ட வயர் புதைத்துவைப்பதன் அபாயத்தை விளக்கவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் மேகம் கூடியவுடன் வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். எந்தப் பதிவும் ஓர் உயிருக்கோ வீட்டுக்கோ ஈடாகாது.

இப்போது நிரலுக்கு வருவோம். முதல் நிரல் காந்தத்தை அளக்கவே கூடாது. உணரியிடம் அதன் அடையாள எண்ணைக் கேட்டு, வந்த விடையைத் திரையில் காட்டுவதோடு நிற்கவேண்டும். அந்த எண் பதினாறடிமான முறையில் 22 என்று வந்தால், அதாவது நம் வழக்கப்படி 34 என்று வந்தால், வயர்கள் சரி, முகவரி சரி, மின்சாரம் சரி என்று ஒரே கணத்தில் நிச்சயமாகிவிடும். இச்சிறு நிரலைத் தனியே பத்திரப்படுத்தி வையுங்கள். ஆறுமாதம் கழித்து ஒருநாள் எண்கள் தாறுமாறாக வரும்போது, சந்தேகத்தைத் தீர்க்க அதைவிடச் சிறந்த நண்பன் இல்லை.

அடுத்தபடி, உணரி ஒவ்வொரு அச்சுக்கும் மூன்று பைட்டுகளாக, அதாவது 24 பிட் எண்ணாக விடை தருகிறது. செயலிக்கோ 32 பிட் எண்தான் பழக்கம். மூன்று பைட்டுகளையும் வரிசையாகக் கோத்துவிட்டால் நேர்மதிப்புகள் சரியாக வரும். எதிர்மதிப்புகள் மட்டும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தையொட்டிய பயங்கர எண்களாகத் தோன்றும். கோத்த எண் 8388608 அல்லது அதற்கு மேலானால், அதிலிருந்து 16777216-ஐக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். வடக்கு அச்சில் எண் எப்போதும் நேர்மதிப்பாகவே இருக்குமாதலால் இப்பிழை முதலில் கண்ணுக்குப் படாது. பூஜ்யத்தையொட்டி நிற்கும் மற்ற இரு அச்சுகளில்தான் வெளிப்படும். ஆகவே, புதைப்பதற்கு முன் மேசையின்மேல் உணரியைத் தலைகீழாகத் திருப்பியும் பக்கவாட்டில் திருப்பியும், எண்களின் குறி அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கைக் கண்டுபிடிப்பதும் இப்போதே: உணரியைக் கிடையாக வைத்து மெல்லச் சுழற்றினால், குறுக்கச்சின் எண் பூஜ்யமாகும் நிலையில் முதல் அச்சு காந்த வடக்கையோ தெற்கையோ நேரே நோக்கியிருக்கும், முதல் அச்சின் எண் நேர்மதிப்பாக உள்ள நிலையே வடக்கு.

ஏழெட்டுப் படிகளில் வளைகோடு வரையும் உபாயம் இதோ. வினாடிக்கு ஒரு முறை அளந்தால் நிமிஷத்துக்கு 60 எண்கள் கிடைக்கும். உணரியின் இரைச்சல் 15 நானோடெஸ்லா, படியின் உயரம் 13 நானோடெஸ்லா. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பது நம் பாக்கியம். புலத்தின் உண்மை மதிப்பு 3,000-க்கும் 3,001-க்கும் நடுவே எங்கேனும் இருந்தால், இரைச்சல் அதை ஒரு தடவை இப்படியும் மறு தடவை அப்படியும் தள்ளுகிறது. எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது என்பதிலேயே பின்னப்பகுதி ஒளிந்திருக்கிறது. அறுபதையும் கூட்டிச் சராசரி எடுத்தால், இரைச்சல் 60-இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய எட்டால் வகுபட்டு, கணக்குப்படி 2 நானோடெஸ்லாவுக்கு இறங்கிவிடும். இரைச்சலே இல்லாத உணரியாக இருந்திருந்தால் எத்தனை தடவை அளந்தாலும் அதே படியில்தான் நின்றுகொண்டிருப்போம் என்பதை எண்ணிப்பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்பே உண்டாகிறது.

இந்தச் சராசரியைக் கெடுக்கும் வழிகள் பல. ஒவ்வொரு எண்ணையும் முதலிலேயே நானோடெஸ்லாவாக மாற்றி முழு எண்ணாக்குவது ஒன்று. மாற்றலும் வகுத்தலும் கடைசியில் ஒரே ஒரு முறை நடக்கட்டும், அதுவரை எண்கள் வந்தபடியே கூடட்டும். ஆனால், கூட்டுத்தொகையை வைக்கும் பாத்திரம் பெரிதாக இருக்கவேண்டும்: ஊனோவின் சாதாரண முழு எண் 32,767-க்கு மேல் கொள்ளாது, 3,000 வீதம் பதினோராவது எண்ணிலேயே வழிந்து எதிர்மதிப்பாகிவிடும். வாகனம் போகும்போது எழும் திடீர் முட்களை நீக்கச் சிலர் சராசரிக்குப் பதில் நடு எண்ணை எடுப்பர்; இது வேறிடங்களில் நல்ல பழக்கமாயினும் இங்கே தகாது, ஏனெனில் நடு எண் அநேகமாக ஒரு படியிலேயே வந்து நிற்கும், பின்னப்பகுதி போய்விடும். அறுபது எண்களையும் வரிசைப்படுத்தி, மேலே பன்னிரண்டையும் கீழே பன்னிரண்டையும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள முப்பத்தாறின் சராசரியை எடுங்கள். ஆட்டோவும் விலகும், பின்னமும் பிழைக்கும்.

வினாடிக்கு ஒரு முறை அளப்பதற்கு நிரலை ஒரு வினாடி உறங்கவைக்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம். அளக்கவும் எழுதவும் ஆகும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். மில்லிவினாடி எண்ணியைப் பார்த்து, கடந்த அளவையிலிருந்து ஆயிரம் ஆயிற்றா என்று கேட்பதே முறை. அவ்வெண்ணி 49 நாட்களும் சுமார் 17 மணியும் ஆனவுடன் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த அளவைக்குரிய நேரத்தை முன்கூட்டிக் கணித்துவைத்து, அதை எண்ணி தாண்டியதா என்று ஒப்பிடும் நிரல்கள் அன்று குழம்பிப்போகும். குறியற்ற எண்களாக வைத்து, இப்போதையதிலிருந்து முந்தையதைக் கழித்து, மீதியை ஆயிரத்தோடு ஒப்பிட்டால் அந்த நாளும் மற்ற நாட்களைப் போலவே கடந்துபோகும்.

நேரத்தைச் சொல்ல டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு நிமிஷத்துக்குமேல் அது பிசகாது. கோப்பில் எழுதும் நேரம் உலகப் பொதுநேரமாகவே இருக்கட்டும், இந்திய நேரமாக மாற்றுவது படம் வரையும்போது செய்யும் வேலை. இன்னொன்று: நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது, திருவனந்தபுரமோ 77 பாகையை ஒட்டியிருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு. உள்ளூர்ச் சூரியகதியில் பதினொரு மணியளவில் உச்சமடையும் மின்தாரையை, கடிகாரத்தில் பதினொன்றேகாலுக்கும் பதினொன்றரைக்கும் இடையே எதிர்பாருங்கள். கோப்பை நாளுக்கொன்றாகப் பிரித்து, நிமிஷந்தோறும் எழுதியதை உடனே கார்டில் இறுதிப்படுத்திவிடுவது கரண்ட் போகும் நாட்களில் கைகொடுக்கும்.

முதல் வாரத்துக் கோடுகளை வரைந்து பார்க்கும்போது, நள்ளிரவை ஒட்டிய சில மணிநேரச் சராசரியை அடிக்கோடாக வைத்து, அதற்குமேல் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். வந்திருப்பது மின்தாரைதானா, வெயில்தானா என்ற ஐயத்தை இடவப்பாதி மழையே தீர்த்துவைக்கும்: பொழுதெல்லாம் இருண்டு, உஷ்ணம் ஏறாமல், விடாது பெய்த ஒரு நாளிலும் அந்தக் குன்று முற்பகலில் தவறாமல் எழுந்தால், மேகங்களுக்கு வெகு உயரத்தில் ஓடும் மின்சாரத்தையே பார்த்துவிட்டீர்கள். சில நாட்களில் பிற்பகலில் கோடு இரவின் அடிக்கோட்டுக்கும் கீழே இறங்கும். அது கருவியின் குற்றமன்று, தாரை சிறிது நேரம் மேற்கு நோக்கித் திரும்பி ஓடுவதால் நிகழ்வது, ஆராய்ச்சியாளர் அதை எதிர்த்தாரை என்பர். ஆற்றுக்கால் பொங்கலன்று தெருவெல்லாம் அடுப்பும் ஜனத்திரளுமாக இருக்கையில் முட்கள் எப்படி மாறுகின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், முட்களில் எவை தெருவின் செயல் என்பதும் விளங்கும்.

காந்தப்புயல் வேறு வகை. 2024 மே 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து வந்த பெரும் புயலின்போது, உலகமெங்கும் நடுக்கோட்டையொட்டிய நாடுகளின் கிடைப்புலம் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா சரிந்தது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததும் அவ்விரவில்தான். 1859 செப்டம்பரில் கொலாபாவின் கருவி சுமார் 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சியைக் காட்டியது. இத்தகைய வீழ்ச்சியை நம் குழாயும் தெளிவாகவே எழுதிவைக்கும், சராசரிகூட எடுக்க வேண்டாம். புயலென்று ஐயம் தோன்றும்போது கியோட்டோ பல்கலைக்கழகத்தார் வெளியிடும் டி.எஸ்.டி. குறியெண்ணோடு நேரத்தை ஒப்பிடுங்கள்.

ஒரு கருவி நன்றாக ஓடத் தொடங்கியபின், இரண்டாவதைச் செய்து சென்னையிலோ அதற்கும் வடக்கிலோ இருக்கும் ஒரு நண்பரிடம் கொடுக்கலாம். மின்தாரை, காந்த நடுக்கோட்டின் இருபுறமும் மூன்று பாகை அளவுக்கே பரவியிருப்பது. சென்னை அதற்கு வெளியே இருக்கிறது. புயலாலும் பொதுவான பகல் மாற்றத்தாலும் வரும் ஏற்றயிறக்கம் பெரும்பாலும் இரண்டு ஊருக்கும் பொது. ஆதலால், ஸ்ரீவராகத்துக் கோட்டிலிருந்து சென்னைக் கோட்டைக் கழித்தால் மிஞ்சுவதில் பெரும்பங்கு மின்தாரைதான். திருநெல்வேலிக் கணக்கிலிருந்து அலிபாக் கணக்கைக் கழித்து ஆராய்ச்சியாளர் செய்வதும் இதுவே. அதற்கு இருவரும் ஒரே எண்ணிக்கைச் சுற்று, ஒரே சராசரி முறை, ஒரே கோப்பு வடிவம் வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்புவதற்குமுன் இரண்டு உணரிகளையும் ஒரே தோட்டத்தில் சில மீட்டர் இடைவிட்டு ஒரு வாரம் ஓடவிட்டு, அவற்றின் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பைக் குழாயின் மூடியிலேயே ஒட்டி அனுப்புங்கள்.